ஆங்கிலிக்கன் பேராலயப் பாடகர் குழுவைக் கேட்கப் பழகுதல்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆங்கிலிக்கன் மரபு எனப்படும் இங்கிலாந்துத் திருச்சபையின் பேராலயங்கள் பலவற்றில், பள்ளித் தவணை நடக்கும் வாரங்களில், ஏறக்குறைய நாள்தோறும் மாலையில் ஒரு பாடகர் குழு முக்கால் மணி நேரம் பாடுகிறது. அதைக் கேட்க நுழைவுக் கட்டணம் இல்லை, பாடி முடித்ததும் கைதட்டலும் இல்லை. குளிர்கால வாரநாள்களில் கேட்க வந்தவர்களைவிடப் பாடுகிறவர்கள் அதிகமாக இருப்பதும் உண்டு. ஈவன்சாங் என்று அழைக்கப்படும் இந்த மாலை ஆராதனைதான் பேராலய இசையின் வீடு. ஒலித்தட்டுகளும் கிறிஸ்துமஸ் ஒலிபரப்புகளும் அந்த வீட்டின் வாசல்கள் மட்டுமே.

புதிதாகக் கேட்கத் தொடங்கும் பலர் சிறுவர்களின் உச்சக் குரலில் மயங்கி உள்ளே வருகிறார்கள். நான்கைந்து பாடல்களுக்குப் பிறகு எல்லாம் ஒன்றுபோலவே இருப்பதாகத் தோன்றி விலகிவிடுகிறார்கள். ஒலியின் அழகை மட்டும் கேட்டு, அந்த ஒலி எந்தச் சொல்லைத் தாங்குவதற்காக வளர்க்கப்பட்டது என்பதைக் கேட்காமல் விடுவதே இதற்குக் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். 1544ஆம் ஆண்டில், ஆங்கிலத்தில் வழிபாட்டு இசை உருவாகத் தொடங்கிய வேளையில், பேராயர் தாமஸ் கிரான்மர் மன்னர் எட்டாம் ஹென்றிக்கு எழுதிய கடிதத்தில், கூடுமானவரை ஓர் அசைக்கு ஒரு சுரமாக இசை அமைய வேண்டும் என்று குறிப்பிட்டார். பின்வந்த இசையமைப்பாளர்கள் அந்த விதியை மீறியும் நீட்டியும் எழுதினார்கள் என்றாலும், சொல் தெளிவாகக் காதில் விழ வேண்டும் என்ற அக்கறை இன்றுவரை போகவில்லை. ஆகவே கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் முதலில் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒலி அதன் பின்னால் வரும்.

முதல் படி: யார் எங்கே நிற்கிறார்கள் என்று அறிதல்

குழுவின் மேல் குரலைப் பாடுகிறவர்கள் ட்ரெபிள் எனப்படும் சிறுவர்கள் அல்லது சிறுமிகள். பெரும்பாலும் 8 வயதிலிருந்து 13 வயது வரை உள்ளவர்கள். அவர்களுக்குக் கீழே ஆல்டோ, டெனர், பேஸ் ஆகிய மூன்று குரல்களையும் பெரியவர்கள் பாடுகிறார்கள். இவர்கள் சம்பளம் பெறும் பாடகர்கள். பல இடங்களில் லே கிளார்க் என்றும், யார்க்கில் சாங்மென் என்றும், வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் லே விகார் என்றும் அழைக்கப்படுகிறார்கள். கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்ட் கல்லூரி ஆலயங்களில் இந்த இடத்தைப் பெரும்பாலும் மாணவர்கள் நிரப்புகிறார்கள். கேம்பிரிட்ஜின் புகழ்பெற்ற கிங்ஸ் கல்லூரிக் குழு 16 சிறுவர்களும் ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் இளைஞர்களும் கொண்டது. அது பேராலயம் அல்ல, கல்லூரி ஆலயம்தான். ஆனாலும் பாடும் முறையும் பாடல் தொகுதியும் ஒன்றே என்பதால் இந்தக் கட்டுரையில் அதையும் சேர்த்தே பேசுகிறேன்.

புதியவர்களைத் திகைக்க வைப்பது ஆல்டோ குரல். வளர்ந்த ஆண்கள் தங்கள் பேச்சுக் குரலை விட்டுவிட்டு மேல்தொனியில் பாடுவதால் அது பெண் குரலும் அல்லாமல் சிறுவர் குரலும் அல்லாமல் ஒரு தனி நிறத்தில் ஒலிக்கிறது. மேடைகளில் ஏறக்குறைய மறைந்துபோயிருந்த இந்தக் குரலைப் பேராலயங்கள் நூற்றாண்டுக் கணக்கில் விடாமல் காத்து வைத்திருந்தன. கான்டர்பெரி பேராலயத்தில் பாடிக்கொண்டிருந்த ஆல்ஃபிரெட் டெல்லரை 1940களில் இசையமைப்பாளர் மைக்கேல் டிப்பெட் அங்கே கேட்ட பிறகுதான் அந்தக் குரல் மீண்டும் கச்சேரி மேடைக்கு வந்தது. இன்று சில பேராலயங்களில் பெண்களும் ஆல்டோ பாடுகிறார்கள். அப்போது நடுக்குரலின் நிறம் மாறுவதைக் காது உடனே கண்டுகொள்ளும்.

குழு ஒரே வரிசையாக நிற்பதில்லை. இரண்டாகப் பிரிந்து, எதிரெதிரே உள்ள மர இருக்கைகளில், ஒருவரை ஒருவர் பார்த்தபடி நிற்கிறது. பேராலயத்தின் தலைமைக் குருவானவராகிய டீனின் பக்கம் டெக்கனை என்றும், இசைப் பொறுப்புள்ள குருவானவராகிய பிரிசென்டரின் பக்கம் கான்டோரிஸ் என்றும் பெயர் பெற்றுள்ளன. பெரும்பாலான இடங்களில் பலிபீடத்தை நோக்கி நிற்பவருக்கு வலப்புறம் டெக்கனை, இடப்புறம் கான்டோரிஸ். இரு பக்கத்திலும் நான்கு குரல்களும் முழுமையாக இருப்பதால், ஒரு பக்கம் கேட்க மறுபக்கம் பதில் சொல்லவும், இரண்டும் சேர்ந்து எட்டுக் குரலாக விரியவும் முடிகிறது. பதிவுகளைக் கேட்கும்போது ஹெட்ஃபோன் அணிந்துகொண்டால் இந்த இடவலப் பரிமாற்றம் துல்லியமாகத் தெரியும்.

இரண்டாம் படி: ஆராதனையின் வரிசையை மனத்தில் பதித்தல்

துறவியர் மடங்களில் தனித்தனியாக நடந்த இரண்டு வழிபாட்டு வேளைகளைக் கிரான்மர் ஒன்றாக்கி, 1549ஆம் ஆண்டின் பொது ஜெபப் புத்தகத்தில் மாலை ஆராதனையாக அமைத்தார். 1662ஆம் ஆண்டுப் பதிப்பின் சொற்களே இன்றும் பல பேராலயங்களில் பாடப்படுகின்றன. வரிசை எளிது. குருவானவரும் குழுவும் மாறிமாறிப் பாடும் சிறு வேண்டுதல்கள் முதலில் வரும், அடுத்து அன்றைய சங்கீதம் (வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்திலுள்ள பாட்டு), பழைய ஏற்பாட்டு வாசிப்பு, மரியாளின் பாட்டாகிய மக்னிஃபிகாட், புதிய ஏற்பாட்டு வாசிப்பு, சிமியோனின் பாட்டாகிய நுங்க் டிமிட்டிஸ், விசுவாசப் பிரமாணம், மீண்டும் சிறு வேண்டுதல்கள், பிறகு ஆன்தம் என்ற குழுப்பாடல், ஜெபங்கள், இறுதியாக ஆர்கன் என்ற குழாய்க்கருவியின் இசை.

லூக்கா சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் 46 முதல் 55 வரையும், இரண்டாம் அதிகாரத்தில் 29 முதல் 32 வரையும் உள்ள வசனங்களைத் தமிழில் ஒருமுறை படித்துவிட்டுச் செல்லுங்கள். இந்த இரண்டு பாட்டுகளும் நாள் தவறாமல் வரும். சொல் மாறாது, இசை மட்டும் நாளுக்கு நாள் மாறும். தென்னிந்தியத் திருச்சபையின் மூத்த உறுப்பினர்களுக்கு இந்த வரிசை பழக்கமானதாகவே இருக்கும். ஏனெனில் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் உருவான அந்தத் திருச்சபையில் இணைந்த மரபுகளில் ஆங்கிலிக்கன் மரபும் ஒன்று.

மூன்றாம் படி: சங்கீதத்தில் தங்குதல்

எந்தப் பேராலயக் குழுவின் தரத்தையும் நான் முதலில் சங்கீதத்தில்தான் கேட்பேன். கடினமான ஆன்தத்தை இரண்டு வாரம் ஒத்திகை பார்த்துச் சிறப்பாகப் பாடிவிடலாம். சங்கீதம் நாள்தோறும் மாறுவதால் அங்கே குழுவின் அன்றாடப் பழக்கம்தான் வெளிப்படும். புதியவர்கள் இதை ஆன்தத்துக்கு முன் வரும் நீண்ட காத்திருப்பாக நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு.

பொது ஜெபப் புத்தகம் 150 சங்கீதங்களையும் 30 நாள்களுக்குக் காலை, மாலை என்று பகிர்ந்து வைத்திருக்கிறது. நான்காம் நாள் மாலையில் 22, 23. இருபதாம் நாள் மாலையில் 104. பதினைந்தாம் நாள் மாலையில் 78ஆம் சங்கீதம் ஒன்று மட்டும், ஆனால் அது எழுபதுக்கு மேற்பட்ட வசனங்கள் கொண்டது. இன்று பல இடங்களில் சுருக்கிப் பாடுகிறார்கள். முழுதாகப் பாடும் பேராலயம் கிடைத்தால் 15ஆம் தேதி மாலையைத் தவறவிடாதீர்கள்.

இதற்குப் பயன்படும் இசைவடிவம் ஆங்கிலிக்கன் சான்ட். அதன் எளிய வகையில் மொத்தம் 10 சுரங்கள்தான்: வசனத்தின் முதல் பாதிக்கு 4, இரண்டாம் பாதிக்கு 6. ஒவ்வொரு பாதியின் முதல் சுரமும் ஓதும் சுரம். அதன்மேல் எத்தனை அசைகளையும் ஏற்றலாம். மற்றச் சுரங்கள் பாதியை முடித்துவைப்பவை. 23ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தை எடுத்துக்கொள்வோம். 'தி லார்ட்' என்பது ஓதும் சுரத்தில் நிற்கும். 'இஸ் மை' அடுத்த இரண்டு சுரங்களில் நகரும். 'ஷெப்பர்ட்' நான்காவது சுரத்தில் இறங்கி ஓயும். சிறு மூச்சு. பின் 'தேர்ஃபோர்' புதிய ஓதும் சுரத்தில். 'கேன் ஐ' இரண்டு சுரங்களில். 'லாக்' என்ற ஒரே அசை இரண்டு சுரங்களில் இழைந்து, 'நத்திங்' கடைசிச் சுரத்தில் அமரும். நான்காம் வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வரும்போது அதே ஓதும் சுரத்தின்மேல் ஒரு முழு வாக்கியமே ஏறி நிற்கும். இசை மாறாது, பேச்சு மட்டும் நீளும்.

நல்ல குழுவையும் சாதாரணக் குழுவையும் பிரிப்பது இந்த இடம்தான். சாதாரணக் குழு ஓதும் சுரத்தில் அசைகளை வேகமாகக் கொட்டிவிட்டு, முடிப்புச் சுரங்கள் வந்ததும் தாளம் பிடித்துக் கனமாக நடக்கும். நல்ல குழு வசனம் முழுவதையும் தேர்ந்த வாசகர் ஒருவர் உரக்கப் படிக்கும் வேகத்திலேயே கொண்டுசெல்லும். எங்கே ஓதுதல் முடிந்தது, எங்கே தாளம் தொடங்கியது என்று உங்களால் சொல்ல முடியாது. முப்பது பேர் ஒரே நேரத்தில் ஒரே மூச்சில் பேசுவது எவ்வளவு கடினம் என்று சற்றே நினைத்துப் பார்த்தால், அதைத் தினமும் செய்கிறவர்களின் திறமை விளங்கும். கையில் வசனங்களை வைத்துக்கொண்டு, டெக்கனை பாடும் வசனம் எது, கான்டோரிஸ் பாடும் வசனம் எது என்று விரலால் தொடர்ந்து பாருங்கள். இரண்டு மூன்று சங்கீதங்களுக்குள் காது பழகிவிடும்.

ஆர்கன் வாசிப்பவரையும் கவனிக்க வேண்டும். நான்கு பகுதி இசை அச்சில் மாறாமல் இருந்தாலும், வசனத்தின் பொருளுக்கேற்ப அவர் குழாய்த்தொகுதிகளை மாற்றிக்கொண்டே இருப்பார். 104ஆம் சங்கீதத்தில் பாலசிங்கங்கள் இரைக்காகக் கெர்ச்சிக்கும் வசனத்தில் அடியில் ஓர் உறுமல் எழும். 78ஆம் சங்கீதத்தில் ஆண்டவர் நித்திரை தெளிந்தவராக விழித்தெழும் வசனத்துக்காக அதுவரை அடக்கி வைத்திருந்த முழு ஒலியையும் திறந்துவிடுவார். மறுபுறம், சில வசனங்களில் ஆர்கன் முற்றிலும் நின்றுவிடும். குரல்கள் மட்டும் தனித்து நிற்கும் அந்த இரண்டு வரிகளில் சுருதி இம்மியளவும் இறங்காமல் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆர்கன் திரும்பி வரும்போது உண்மை தெரிந்துவிடும்.

நான்காம் படி: தொனியையும் கல்லையும் சேர்த்துக் கேட்டல்

'பேராலய ஒலி' என்று மக்கள் சொல்வது பல பண்புகளின் கூட்டு. முதலாவது, அதிர்வில்லாத நேர்த்தொனி. கமகத்தில் ஊறிய காதுக்கு இது தொடக்கத்தில் வெறுமையாகக்கூடப் படலாம். நீண்ட நேரம் சுரத்தை அசைக்காமல் நிறுத்துவதால்தான் நான்கு குரல்களின் இசைவு கண்ணாடிபோல் தெளிகிறது. ஒரே பகுதியைப் பாடும் எட்டுச் சிறுவர்களின் குரலும் ஒருவர் குரலாகிறது. இரண்டாவது, ஒத்த உயிரொலிகள். ஒருவர் அகல வாயாலும் மற்றவர் குவிந்த வாயாலும் ஒரே எழுத்தை ஒலித்தால் சுருதி சேர்ந்திருந்தாலும் ஒலி கலங்கும். ஆகவே ஒத்திகைகளில் பெரும்பகுதி உயிரொலியைச் சமப்படுத்துவதிலேயே செல்கிறது. மூன்றாவது, சொல்லின் கடைசி மெய்யெழுத்து. ஒரு வாக்கியம் முடியும்போது வரும் 'ட்', 'ஸ்' போன்ற ஒலிகளை முப்பது பேரும் ஒரே கணத்தில் வைக்கிறார்களா என்று கேளுங்கள். சிதறினால் அந்தக் கல் மண்டபம் அதை மன்னிக்காது.

கல் மண்டபம் இந்த இசையின் ஒரு பங்காளியாகவே இருக்கிறது. லண்டன் செயின்ட் பால்ஸ் பேராலயத்தின் குவிமாடத்தின் கீழ் ஒரு முழக்கம் அடங்கப் பல நொடிகள் ஆகும். கிங்ஸ் ஆலயத்தின் விசிறி வடிவக் கல்கூரை ஒலியை மேலே ஏந்தி மெதுவாக இறக்கும். இத்தகைய இடத்தில் வேகமாகப் பாடினால் சொல் கரையும், மிக மெதுவாகப் பாடினால் பொருள் அறுபடும். குழுவின் வேகத்தையும் மூச்சு இடைவெளிகளையும் கட்டடமே தீர்மானிக்கிறது. ஒரு பெரிய முழக்கத்துக்குப் பின் குழு அடுத்த வரிக்குச் செல்லாமல் காத்திருப்பதை நீங்கள் கவனிப்பீர்கள். முந்தைய ஒலி அடங்கும் வரை பொறுத்திருப்பதும் இசையின் ஒரு பகுதிதான். முடிந்தால் ஒரு நாள் குழுவுக்கு அருகிலுள்ள இருக்கைகளிலும், இன்னொரு நாள் தொலைவிலும் அமர்ந்து கேளுங்கள். அருகில் தனித்தனிக் குரல்களும் மெய்யெழுத்துகளும் கேட்கும். தொலைவில் அவை கலந்து ஒரே ஒளியாக வரும். அருகில் அமர்ந்து கற்றுக்கொண்டு பின் தூரம் போவதே நல்லது என்பேன்.

சிறுவர் குரலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது நிலையான கருவி அல்ல. 12, 13 வயதில், குரல் உடைவதற்குச் சற்று முன், அது மிகச் செழிப்பாக இருக்கும். ஜூலையில் மூத்தவர்கள் விடைபெற்றுச் செல்ல, செப்டம்பரில் சிறியவர்கள் அந்த இடத்துக்கு நகர்கிறார்கள். ஆகவே ஒரே குழு அக்டோபரில் மெல்லியதாகவும் ஜூனில் முழுமையாகவும் ஒலிப்பது இயல்பு. ஒரு குழுவை ஓர் இலையுதிர்கால மாலையில் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

பல நூற்றாண்டுகள் சிறுவர்களுக்கு மட்டுமே உரியதாயிருந்த இந்த இடத்தில், 1991ஆம் ஆண்டில் சால்ஸ்பரி பேராலயம் சிறுமியருக்கென்று ஒரு தனிக் குழுவைத் தொடங்கியது; பிற பேராலயங்கள் அடுத்தடுத்துப் பின்தொடர்ந்தன. சிறுமியர் குரல் வேறு, சிறுவர் குரல் வேறு என்று உறுதியாக வாதிடுபவர்கள் உண்டு. நான் கேட்டவரை, வயதும் பயிற்றுநரும் தரும் வேறுபாடு அதைவிடப் பெரியது. ஒரே பயிற்றுநரிடம் வளர்ந்த இரண்டு குழுக்களைக் கண்ணை மூடிக் கேட்டால் பிரித்தறிவது எளிதல்ல.

ஐந்தாம் படி: ஒரே சொல், மூன்று இசை

மரியாளின் பாட்டும் சிமியோனின் பாட்டும் சேர்ந்த இணைக்கு 'சர்வீஸ்' என்று பெயர். நூற்றுக்கணக்கான இசையமைப்புகள் உள்ளன. மூன்றை மட்டும் எடுத்து ஒரு மாதம் திரும்பத் திரும்பக் கேட்பது, முப்பதை ஒவ்வொருமுறை கேட்பதைவிடப் பயன் தரும்.

முதலில் ஆர்லாண்டோ கிப்பன்ஸின் ஷார்ட் சர்வீஸ். 1583இல் பிறந்து 1625இல் மறைந்த கிப்பன்ஸ் இதில் சொல்லைத் திரும்பச் சொல்லி நீட்டுவதே அரிது. வரிகள் ஒன்றையொன்று மெல்லத் தொட்டுக்கொண்டு நகரும். கிரான்மரின் கோரிக்கைக்கு மிக நெருக்கமான வழியில் எவ்வளவு அழகு சாத்தியம் என்பதற்கு இது சான்று.

அடுத்து, சார்ல்ஸ் வில்லியர்ஸ் ஸ்டான்ஃபோர்டின் ஜி சுருதி சர்வீஸ், 1904. மக்னிஃபிகாட்டில் ஒரே ஒரு ட்ரெபிள் குரல் தனியாக மேலே எழ, அடியில் ஆர்கன் விடாமல் சிறு சுரங்களைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். இளம்பெண் மரியாள் இராட்டினத்தின் அருகில் அமர்ந்து பாடுவதாக இதைக் கேட்கும் வழக்கம் உண்டு. இதில் குழு பின்னணியாக நின்று தனிக்குரலுக்கு இடம் கொடுக்கும் விதத்தைக் கவனியுங்கள். நுங்க் டிமிட்டிஸ் வந்ததும் காட்சி முழுவதும் மாறுகிறது. முதியவர் சிமியோனின் சொற்களை ஒரு தனிப் பேஸ் குரல் பாடுகிறது. சிறுமியும் கிழவரும் ஒரே சுருதியில், பத்து நிமிடத்துக்குள், இடையில் ஒரு வேதவாசிப்பு மட்டும்.

மூன்றாவது, ஹெர்பெர்ட் ஹவெல்ஸ். 1892 முதல் 1983 வரை வாழ்ந்த இவர் தம் சர்வீஸ்களை அந்தந்த ஆலயங்களுக்கென்றே எழுதினார். கிங்ஸ் கல்லூரிக்கு 1945இல் கொலீஜியம் ரெகாலே, அடுத்த ஆண்டு குளொஸ்டர் பேராலயத்துக்கு ஒன்று, 1951இல் செயின்ட் பால்ஸுக்கு ஒன்று. கொலீஜியம் ரெகாலேயின் தொடக்கத்தில் ட்ரெபிள்கள் மட்டும் மென்மையாகப் பாடுகிறார்கள். ஆண் குரல்கள் பின்னரே சேர்கின்றன. நுங்க் டிமிட்டிஸில் சிமியோன் இம்முறை டெனர். கிங்ஸுக்கு எழுதியதையும் செயின்ட் பால்ஸுக்கு எழுதியதையும் அடுத்தடுத்துக் கேட்டால், பின்னதில் இசைவுகள் மாறும் வேகம் குறைந்திருப்பதை உணர்வீர்கள். குவிமாடத்தின் நீண்ட எதிரொலிக்காக அவர் விட்ட இடம் அது. கட்டடத்தை இவ்வளவு கூர்ந்து கேட்ட இசையமைப்பாளர் இந்த மரபில் வேறு யாரும் இல்லை என்பேன். ஸ்டான்ஃபோர்டைப் போல ஹவெல்ஸ் முதல் கேட்பில் மனத்தில் ஒட்டமாட்டார். மெட்டு எங்கே என்று தேடும் காதுக்கு மூடுபனிபோல் இருப்பார். ஐந்தாறு முறை கேளுங்கள்.

ஆறாம் படி: ஆன்தங்களின் வழியே வரலாற்றுக்குள்

தாமஸ் டாலிஸின் 'இஃப் யீ லவ் மீ' ஆறாம் எட்வர்ட் மன்னர் காலத்தைச் சேர்ந்தது. நான்கு குரல், இரண்டு நிமிடம், சொல் முழுவதும் கண்ணாடித் தெளிவு. இதில் தொடங்குங்கள். பிறகு கிப்பன்ஸின் 'திஸ் இஸ் தி ரெக்கார்ட் ஆஃப் ஜான்'. யோவான்ஸ்நானனிடம் 'நீர் யார்?' என்று யூதர்கள் கேட்கும் பகுதியைத் தனிக்குரல் பாட, முடிவுச் சொற்களைக் குழு வாங்கித் திரும்பச் சொல்லும். தனிக்குரலும் குழுவும் மாறிவரும் இந்த வடிவத்துக்கு வெர்ஸ் ஆன்தம் என்று பெயர். ஆங்கிலிக்கன் இசை உலகுக்குத் தந்த தனி வடிவம் இது.

1640களின் உள்நாட்டுப் போரில், ஆலயத்தில் ஆடம்பர இசையை எதிர்த்த பியூரிட்டன்களின் கை ஓங்கியபோது பேராலயக் குழுக்கள் கலைக்கப்பட்டன, ஆர்கன்கள் பல உடைக்கப்பட்டன. 1660இல் முடியாட்சி திரும்பியபோது பாடத் தெரிந்த சிறுவன் ஒருவன்கூட இல்லாததால் அரச ஆலயத்தில் மேல் குரலைச் சிறிது காலம் கார்னெட் என்ற ஊதுகருவியாலும் ஆண்களின் மேல்தொனியாலும் நிரப்பினார்கள். அந்த வெறுமையிலிருந்து மீண்ட தலைமுறையின் பிள்ளை ஹென்றி பர்செல்.

அவருடைய 'ஹியர் மை பிரேயர், ஓ லார்ட்' எட்டுக் குரலுக்கு எழுதப்பட்ட, மூன்று நிமிடத்துக்கும் குறைவான ஆன்தம். நிறைவுபெறாத ஒரு பெரிய படைப்பின் பகுதியாகவே அது கருதப்படுகிறது. 102ஆம் சங்கீதத்தின் முதல் வசனம் மட்டுமே சொல். ஒரு குரல் ஏறக்குறைய ஒரே சுரத்தில் வேண்டுதலைத் தொடங்கும். 'கிரையிங்' என்ற சொல் வரும்போது மட்டும் இசை அரைச்சுரங்களாக நெளிந்து மேலேறும். மற்றக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதே இரண்டு எண்ணங்களை எடுத்துக்கொள்ள, இடையில் ஓய்வே இல்லாமல் ஒலி தடித்துக்கொண்டு போய், முடிவுக்குச் சற்று முன் எட்டுக் குரல்களும் ஒன்றோடொன்று மோதும் ஓர் உச்சத்தில் நிற்கும். நல்ல குழு அந்த உச்சத்துக்கு முன்னால் எங்கும் சத்தத்தைச் செலவழிக்காது. முதல் அரை நிமிடத்தில் எவ்வளவு மெதுவாகத் தொடங்குகிறார்கள் என்பதே முடிவு எப்படி இருக்கும் என்பதைச் சொல்லிவிடும்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல பேராலயங்களில் குழுக்கள் நலிந்து கிடந்தன. 1830களில் ஹெரிஃபோர்டில் ஓர் உயிர்த்தெழுதல் பண்டிகையன்று சிறுவர்களும் ஒரே ஒரு பேஸ் பாடகரும் மட்டுமே கிடைப்பார்கள் என்ற நிலையில், சாமுவேல் செபாஸ்டியன் வெஸ்லி அவர்களுக்கேற்ப எழுதிய ஆன்தம் இன்றும் உலகமெங்கும் பாடப்படுகிறது. அதே நூற்றாண்டில் மரியா ஹேக்கெட் என்ற பெண்மணி பேராலயம் பேராலயமாகச் சென்று, பாடும் சிறுவர்களுக்கு முறையான கல்வியும் பராமரிப்பும் வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வற்புறுத்தினார். இன்று நாம் கேட்கும் ஒலியில் அவருக்கும் பங்குண்டு.

ஏழாம் படி: குழுக்களை ஒப்பிட்டுக் கேட்டல்

கேம்பிரிட்ஜில் சில நிமிட நடைதூரத்தில் உள்ள இரண்டு கல்லூரி ஆலயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கிங்ஸில் 1957 முதல் 1974 வரை பொறுப்பிலிருந்த டேவிட் வில்காக்ஸின் பதிவுகளில் தொனி குளிர்ந்து, விளிம்பு மழுங்கி, மிக நுட்பமாகச் சமன்செய்யப்பட்டிருக்கும். செயின்ட் ஜான்ஸில் 1951 முதல் 1991 வரை இருந்த ஜார்ஜ் கெஸ்ட், ஐரோப்பியக் கண்டத்துக் குழுக்களைப்போல் முன்னோக்கிப் பாயும், வெப்பமும் கூர்மையும் உள்ள ஒலியை விரும்பினார். ஒரே சங்கீதத்தை இருவர் பதிவிலும் கேளுங்கள். நான் சங்கீதத்துக்கு வில்காக்ஸையும், உணர்ச்சி மிகுந்த ஆன்தங்களுக்குக் கெஸ்டையும் நாடுகிறேன். உங்கள் காது வேறு சொல்லலாம். கிங்ஸில் 1963இல் பதிவான, இத்தாலிய இசையமைப்பாளர் அல்லெக்ரியின் மிசெரேரேயை (51ஆம் சங்கீதம்) பலர் 12 வயது ராய் குட்மனின் உச்சச் சுரத்துக்காகவே கேட்கிறார்கள்; அதில் சொல் இலத்தீனில் அல்லாமல் ஆங்கிலத்தில் இருப்பதையும், சங்கீதத்தைப்போலவே ஓதும் சுரங்களில் நகர்வதையும் சேர்த்துக் கேட்டால் அந்த உச்சம் வேறுவிதமாகப் பொருள்படும்.

பிபிசி வானொலி 1926 அக்டோபர் 7 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் அபேயிலிருந்து முதன்முதலாக ஈவன்சாங்கை ஒலிபரப்பியது. இப்போது ரேடியோ 3இல் வாரந்தோறும் வெவ்வேறு ஆலயத்திலிருந்து வருகிறது. பல பேராலயங்கள் ஆராதனையை யூடியூபிலும் நேரலையாகத் தருகின்றன. தொகுப்புப் பட்டியல்களைவிட இவற்றையே பரிந்துரைக்கிறேன். இருமலும் காலடி ஓசையும் கேட்டாலும் முழு ஆராதனையின் ஓட்டம் கிடைக்கும்.

எட்டாம் படி: நேரில் செல்லுதல்

பேராலயத்தின் இணையதளத்தில் இசைப்பட்டியல் என்ற பக்கத்தைப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள். அதில் வரிகள் மிகச் சுருக்கமாக இருக்கும். 'ரோஸ்' என்று மட்டும் இருந்தால் சிறு வேண்டுதல்களுக்கு பெர்னார்ட் ரோஸின் இசை. 'ஸ்டான்ஃபோர்ட் இன் ஜி' என்றால் மேலே சொன்ன சர்வீஸ். ஊர்ப்பெயரோடு வந்தால் பெரும்பாலும் ஹவெல்ஸ். ஒரு நாள் சிறுவர்கள், ஒரு நாள் சிறுமிகள், ஒரு நாள் ஆண்கள் மட்டும் என்றும் குறித்திருப்பார்கள். பல இடங்களில் வாரத்தில் ஒரு நாள் ஆர்கன் இல்லாமல் பாடுவது வழக்கம். சுருதிக் கட்டுப்பாட்டை அறிய அதுவே சிறந்த நாள். பள்ளி விடுமுறையில் ஊர்க்குழு இருக்காது, வெளியிலிருந்து வரும் குழுக்கள் பாடும். பட்டியலில் அதுவும் இருக்கும்.

வாரநாள்களில் ஆராதனை பெரும்பாலும் மாலை 5 அல்லது 5.30க்குத் தொடங்கும். 20 நிமிடம் முன்னதாகச் சென்று, வாசலில் நிற்பவரிடம் ஆராதனைக்கு வந்திருப்பதாகச் சொன்னால் போதும். சுற்றுலாப் பயணிகளிடம் கட்டணம் வாங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயிலும் செயின்ட் பால்ஸிலும்கூட ஆராதனைக்குக் கட்டணமில்லை. இடமிருந்தால் குழுவின் பின்வரிசை இருக்கைகளிலேயே அமர்த்துவார்கள். கைப்பேசியை அணைத்துவிடுங்கள், படம் எடுக்காதீர்கள். எப்போது எழுவது, எப்போது அமர்வது என்று தெரியாவிட்டால் அருகிலிருப்பவரைப் பார்த்துச் செய்யலாம். நீங்கள் எந்த மதத்தவர் என்று யாரும் கேட்கமாட்டார்கள். பாடவோ ஜெபிக்கவோ வற்புறுத்தவும் மாட்டார்கள். குழு வெளியேறிய பின் ஆர்கன் தனியாக வாசிக்கும்போது பலர் எழுந்து போய்விடுவார்கள். சங்கீத வசனங்களுக்குப் பின்னால் அடக்கி ஒலித்த அதே கருவியின் முழு வீச்சையும் கேட்க அதுவே வாய்ப்பு என்பதால் நீங்கள் அமர்ந்தே இருங்கள்.

பயணத்தில் நான்கு நாள் கிடைத்தால் நான்கு ஊர்களுக்கு ஓடாமல், சால்ஸ்பரி, வெல்ஸ், டரம் போன்ற ஏதேனும் ஒரு பேராலயத்தில் நான்கு மாலைகளும் தொடர்ந்து அமர்வதையே நான் சொல்வேன். அதே சுவர்களுக்குள் ஒரு நாள் சிறுவர்களையும் மறுநாள் சிறுமிகளையும் கேட்டால் எது குரலின் குணம், எது கட்டடத்தின் குணம் என்பது பிரிந்து தெரியத் தொடங்கும். மரியாளின் பாட்டு நான்கு வெவ்வேறு இசையில் வந்துபோகும். முதல் மாலையில் வெறும் ஓதலாகக் கேட்ட சங்கீதத்தில், நான்காம் மாலைக்குள், இரு பக்கமும் வசனத்தைக் கைமாற்றும் இடத்தை உங்கள் காது தானாகவே எதிர்பார்க்கத் தொடங்கியிருக்கும்.